எட்வினின் தோட்டாவும் கொம்பனித் தோட்டாவும்

திருகோணமலையில் துவக்குத் தோட்டா விற்றுப் பிழைத்த எவருக்கும் தெரியும், இந்தத் தொழிலில் முதலில் தேய்வது வாய்தான்.

இரண்டு சாதி

கொம்பனி பெட்டியில் அடைத்து அனுப்புவது மக்னம். எந்தத் துவக்குக் கடையிலும் வாங்கலாம். ஆரோ ஒரு கெட்டிக்காரன் அதன் பித்தளை உறையான கோதை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, தன் எண்ணத்துக்குச் செய்துகொள்வது வைல்ட்கட். அவனை விட்டால் வேறு கதியில்லை.

மூதூர் காதர் நானாவின் ரைபிளுக்கு வைல்ட்கட்தான். செய்து கொடுத்தவர் துறைமுகப் பட்டறை லேத்காரர் எட்வின், பறங்கி மனிசர், நானாவின் வேட்டைக் கூட்டாளி. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனதும் எட்வினும் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். என் கடைக்கு வந்தால், மக்னத்துக்கு மாறுங்கோ நானா என்று நான் கெஞ்சாத நாளில்லை. அவரிடம் ஒரே பதில்தான். "வாறன் எண்டு சொல்லித்தானே தம்பி போனவன்."

சாம்பல்தீவுக்காரர்

சாம்பல்தீவிலிருந்து ஒருவர் புது ரைபிள் வாங்க வந்து, வைல்ட்கட்டும் விசேசமாமே என்று கேட்டார். செய்கிற ஆள் பக்கத்தில் இருக்க வேணும் என்று விளக்கினேன். அன்றைக்கென்று பார்த்து நானாவும் கதிரையில் இருந்தார். வாங்க வந்தவர் பெரிசாய்ச் சிரித்தார். "அவன் ஊரை விட்டுப் போனா, நான் துவக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறதோ?"

எருமை இறங்கின போகம்

காட்டெருமைகள் நானாவின் வயலில் இறங்கின. எட்வினின் தோட்டாவில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதைச் சுட மனம் வராமல் தகரம் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், மனிசன். பயிரெல்லாம் நாசம்.

விடிந்ததும் லோஞ்சில் கடல் கடந்து கடைக்கு வந்து சேர்ந்தார். ரைபிளில் தோட்டா இருக்கிற அறையை மக்னத்துக்கு ஏற்றபடி வெட்டலாம், ஆனால் பிறகு எட்வினின் தோட்டா அதற்குச் சரிவராது என்றேன். ரைபிளை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "வெட்டுங்கோ தம்பி. பிள்ளையள் சாப்பிட வேணுமே."

பழி

வேலை முடிந்து ரைபிளை எடுக்க வந்தவர் மக்னம் ஒரு பெட்டி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடைசித் தோட்டாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடி அலுமாரியில் வைக்கத் தாருங்கோவன் என்று கேட்டுப் பார்த்தேன். தலையாட்டி மறுத்து, திரும்பப் பைக்குள் போட்டார். படியிறங்கப் போனவர் நின்றார். "எட்வின் வந்தா நான் மாத்தினது எண்டு சொல்லாதீங்க. நீங்கதான் வெட்டச் சொன்னதெண்டு சொல்லுங்க."

அந்தப் பழியைச் சுமக்க இத்தனை வருசமாய் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், திட்டுவதற்கென்றாலும் எட்வின் வந்து சேர்ந்தபாடில்லை.