எவரிஸ்தாவுக்கு வைத்த படையல்

எவரிஸ்தா ஊராட்சி மன்றத்துக்குத் தேர்வானபோது ஊரே கைதட்டியது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டதே, தட்டாமல் என்ன செய்யும்? ஆனால் பாதிக் காலம் முடிந்ததும் மாற்று உறுப்பினர் தோன் பொனிஃபாசியோவுக்கு நாற்காலியை விட்டுவிட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லாத, எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

லா பாஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹிமேனா என்ற ஆய்வாளர் வந்து, அந்தப் பெண்கள் ஏன் விலகினார்கள் என்று வீடுவீடாகக் கேட்டாள். எல்லோரும் உடம்பு சரியில்லை என்றார்கள், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் அதே வார்த்தைகளில். கடைசியாக எவரிஸ்தாவிடம் வந்தாள்.

"நீங்க எப்போ விலகப்போறீங்க, தோன்யா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். நான் போகமாட்டேன்."

அடுப்படியில் இருந்த கணவன் லியாந்திரோ தலைநிமிரவில்லை. ஊரில் அவனைப் பெண்டாட்டிதாசன் என்று கேலி பேசிப் பேசி ஆள் பாதியாகியிருந்தான்.

நவம்பர் முதல் தேதி நண்பகலில் இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. மறுநாள் நண்பகலில் விடைபெறுவார்கள். அந்த முதல் தேதி காலையில்தான் மன்றம் கூடியது. ஹிமேனாவோடு உள்ளே நுழைந்த எவரிஸ்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் நாற்காலிக்கு முன்னால் கறுப்புத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்திருந்தார்கள். நடுவில் ரொட்டிமாவில் சுட்ட பெண் பொம்மை, அவளுடையதைப் போலவே தொப்பி போட்டிருந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படிச் சுட்டு வைப்பது. பக்கத்தில் வாலைக் கருக்கிப் பொரித்த மீன். அவள் மீனை அப்படித் தின்பாள் என்பது லியாந்திரோவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வணக்கம் சொன்னாள். ஒருவரும் திரும்பவில்லை. தோன் பொனிஃபாசியோ அவளை ஊடுருவி அந்தப்பக்கம் நின்ற ஹிமேனாவைப் பார்த்து, "பாவம், நல்ல பொம்பளை. சட்டுனு போய்ச் சேந்துட்டா," என்றார். மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எவரிஸ்தா ஒரு கணம் தன் மணிக்கட்டையே தொட்டு நாடி பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பேச்சு நீண்டது. அவள் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். கோயில் மணி நண்பகல் அடித்ததும் எல்லோரும் தலைகுனிந்தார்கள். அவள் நடந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொம்மையின் தலையைப் பிய்த்து வாயில் போட்டாள். அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துட்டேன். இன்னைக்கு வந்த ஆத்மா கேட்டதை இல்லைன்னா மனசு கோணிப் போகும். அப்படிப் போனா வெள்ளாமை கருகும். உங்களுக்குத் தெரியாததா, தோன் பொனிஃபாசியோ?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. படையல் வைத்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முழுப் பதவிக்காலமும் வேண்டும் என்றாள். அவள் முகத்தைப் பாராமலே கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாகப் பொனிஃபாசியோவின் கையும். ஹிமேனா தன் ஆய்வில், விலகாத பெண்கள் கணக்கில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டாள்.

வீட்டில் லியாந்திரோ தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, படையல் வைப்பதுபோல் அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"நாளைக்கு மத்தியானம் மணியடிச்சதும் கெளம்பிடுவியா?"

"இல்ல. பதவிக்காலம் முடியட்டும்," என்றாள்.

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். தொடத்தான் துணியவில்லை.