செல்லூர் அக்காவுக்கு ஒட்டிய போஸ்டர்

புத்தி பேதலித்துத் தெருவில் திரியும் பெண்களைக் கூட்டி வந்து பராமரிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவில் எங்கள் இல்லம். கார்டில் மக்கள் தொடர்பு அலுவலர் என்று கௌரவமாகத்தான் அடித்திருக்கும். நடப்பில், நிருபர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிற பிழைப்பு.

அந்தக் கோடையில் நான் கெஞ்சியது ஓர் அக்காவுக்காக. ஐம்பது வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டில் கிடைத்தவர். பேரைக் கேட்டால் நாளுக்கொன்று சொல்வார். ஊரைக் கேட்டால், "கம்மாக்கரை ஊரு." மதுரையைச் சுற்றி எந்த ஊரில்தான் கண்மாய்க்கரை இல்லை? ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்வார்: "எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாரு." திடீரென்று அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்க இருந்தா சீக்கிரம் வரச் சொல்லிருங்க" என்றார். யாரை வரச் சொல்ல?

பேப்பரில் போட்டோ வந்தால் அந்த அண்ணன் கண்ணில் படாதா என்று அலைந்தேன். ஒரு நிருபர், "கலெக்டர் வாராராண்ணே? இல்ல நடிகர் யாராச்சும்?" என்று கேட்டார்.

"சாகக் கெடக்குற பொம்பளைக்கு எந்த நடிகன்யா வருவான்?" என்று கத்திவிட்டேன். மறுநாள் அவரிடமே போய்ப் பல்லைக் காட்டினேன். வேறு வழி? கடைசியில் தபால்தலை அளவுக்கு ஒரு படம், உள்பக்கத்தில், உரக்கடை விளம்பரத்துக்குக் கீழே வந்தது. ஒரு போன்கூட வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோரிப்பாளையத்தில் எங்களுக்கு நோட்டீஸ் அடித்துத் தரும் பாயிடம் போய்ப் புலம்பினேன். "விடுங்கண்ணே, போட்டோவைக் குடுத்துட்டுப் போங்க. நானே அடிச்சு, நம்ம ஆளுகளை விட்டே ஒட்டிர்றேன். நீங்க அந்தக்காவப் பாருங்க" என்றார். மனுசன் சொன்னதைச் செய்தார். காலையில் வைகைப் பாலம் ஏறும்போது சுவரில் பார்த்தேன்.

அக்காவின் படத்தைச் சுற்றிப் பூ வளையம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பாய் கையில் தயாராக இருந்த சட்டம் அதுதான். நாள் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற கடை. 'இவரைத் தெரியுமா?' என்று நான் எழுதிக் கொடுத்தது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் ஊரில் போஸ்டரை யார் வாசிக்கிறார்கள்? முகத்தைப் பார்ப்பார்கள், நம்பரைப் பார்ப்பார்கள். நம்பர் என்னுடையது.

அவனியாபுரம் வரைக்கும் ஒட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. போன் ஓயவில்லை. "எப்பண்ணே எடுக்குறாக?" "சுடுகாடு மூலக்கரையா, தத்தனேரியா?" உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. கருமம், தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

மத்தியானம் ஒரு குரல். "தம்பி, பரவை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டு வந்தேன், போஸ்டரைப் பாத்தேன். அவ என் தங்கச்சி. பொறந்த வீட்டுக் கோடிச் சேலை போத்தாம எடுத்துறாதீக. இந்தா வாரேன்."

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வராமல் போய்விடுவாரோ என்று பயம். முகவரியை மட்டும் சொன்னேன்.

கையில் ரோஜா மாலையும் துணிக்கடைப் பையுமாக வந்தார். வாசல் பெஞ்சில் அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம். பார்த்ததும் எழுந்து, "அண்ணே, வந்துட்டீகளா!" என்றார்.

அண்ணன் கையிலிருந்து மாலை நழுவிவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதார். அக்காவோ பையைப் பிரித்துவிட்டார். சிவப்புச் சேலை, மஞ்சள் கரை. "எனக்கா? எம்புட்டு நல்லாருக்கு!" சமையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு கட்டிப் பார்க்க உள்ளே ஓடினார். அவ்வளவு நாளாக எழுந்து நடக்கவே முடியாதவர்.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "கூட்டிட்டுப் போங்கண்ணே. டாக்டர் ரொம்ப நாளில்லன்னுட்டார். உங்க வீட்ல இருக்கட்டும்" என்றேன்.

அவர் என்னை வாசல் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போனார். "தம்பி, கோவிச்சுக்காதீக. எம்மகளுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு. இப்பிடி ஒரு அத்தை வீட்ல இருக்கான்னு தெரிஞ்சா அந்தச் சம்பந்தம் நிக்குமா? ஊர்ல அவ என்னைக்கோ செத்துட்டான்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

"அண்ணே, ஒங்க பேரைத் தவிர அவுகளுக்கு வேற நெனப்பே இல்லண்ணே. பெத்த தகப்பனா நெனச்சு ஒங்க கால்ல விழுறேன்." நிஜமாகவே குனிந்தேன். பதறித் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் எனக்குச் சொல்லி விடாதீக, தம்பி. கோடி குடுத்துட்டேன்."

தத்தனேரிப் பக்கம் போன ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே அக்கா கோடிச் சேலையைக் கட்டி, தலை சீவிப் பொட்டு வைத்து, தட்டையும் டம்ளரையும் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணன் ஆட்டோ கூப்பிடப் போயிருக்காரா தம்பி?"

"ஆமாக்கா" என்றேன். "உக்காருங்க. வருவாரு."