இறகு எடுக்காத காலை

விழுப்புரத்தில் ரயில் நகர்ந்ததும் என் மந்திரப் புத்தகம் மூடிவிடும். அது எங்கள் மூவரின் சட்டம். திண்டிவனத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் சீட்டாடும் பெட்டியில் நாங்கள் மட்டும் கதை ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், டிபன் பாக்ஸ் மூடிக்குள் உருளும் பகடை. கோர்ட்டில் தட்டச்சு செய்யும் அக்கா கதையைச் சொல்லி நடத்துவார்; எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்வோம். நான் மந்திரவாதி.

புத்தகம் நிறைய மந்திரம் இருக்கும். ஆனால் காலையில் எதை மனதில் ஏற்றிக்கொள்கிறானோ அதுதான் அன்றைக்கு மந்திரவாதியிடம் உண்டு. சொன்னதும் அதுவும் போய்விடும். தூங்கி எழுந்து மறுபடி படிக்க வேண்டும். என் மனதில் இரண்டுக்குத்தான் இடம். பிளாட்பாரத்தில் டீ ஆறுவதற்குள் தேர்ந்தெடுப்பேன். எது வரும், எது வராது, எதை விட்டுவிட்டுப் போவது? வாழ்க்கையில் வேறெதற்கும் இவ்வளவு யோசித்ததில்லை.

அன்று எங்களில் மூன்றாமவரான எதிர் சீட்டு நண்பருக்குக் கடைசிப் பயணம். ஓசூருக்கு மாற்றல். அவர் ஆடியது ஒரு போர்வீரன். அன்றைய கதையில் அவன் உயிரோடு ஊர் திரும்பினால், அதன்பிறகும் எங்கள் கதையில் தினமும் வருவான் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். செத்தால் அவன் பேச்சையே எடுக்கமாட்டோம். அதுவும் சட்டம்.

"நான் இல்லன்னாலும் என் ஆளு உங்ககூட போய்க்கினு இருக்கட்டும்" என்று நண்பர் வாரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் கேட்டார்: "இன்னிக்கு இன்னாய்யா எடுக்கற?"

"ஒரு நெருப்பு. ஒரு இறகு."

இறகு, விழுகிறவனை மெல்லத் தரையில் இறக்கிவிடும் மந்திரம்.

"எவன் விழப்போறான்? ரெண்டும் நெருப்பா எடுய்யா. கொளுத்திட்டு ஜல்தியா வீடு போய் சேரலாம்."

எடுத்தேன். ரயில் நகர்ந்தது.

மயிலம் தாண்டியதும், அவருடைய வீரன் ஏறிய மரப்பாலம் முறிந்தது. "விழறான்" என்றார் அக்கா. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இறகு புக்குல இருக்குதில்ல?" என்றார் நண்பர்.

"புக்குல இருக்குது. மனசுல இல்ல."

"வாயத் தொறந்து எதனா சொல்லேன்யா."

என்ன சொல்ல? விழுகிறவனுக்கு நெருப்பை நீட்டவா? காலையில் நாக்கு நுனிவரை வந்த ஒரு சொல், ஒரே ஒரு சொல், இப்போது ஊரில் எல்லார் வாயிலும் இருக்க, என் வாயில் மட்டும் இல்லாததுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லைகள் கடலைச் செடிகளோடு ஓடின.

அக்கா தயங்கினார். "கடைசி நாளு. இந்த ஒருவாட்டி சட்டத்த விட்டுடலாமா?"

"வேணாம்க்கா. அப்படி பொழச்சா அவன் என் ஆளே இல்ல."

வீரன் பிழைப்பானா என்று பகடையை நண்பரே உருட்டினார். அக்கா எண்ணைப் பார்த்தார். அதன்பின் வீரன் பேச்சை எடுக்காமல், பகடையை எடுத்துக்கொண்டு மூடியைத் துடைத்தார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் கூட்டம் அவரை மேம்பாலப் படிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. "பேஜாராவாத, மந்திரவாதி. வர்றேன்" என்று கையை ஆட்டினார்.

என்னிடம் இரண்டு நெருப்பும் சொல்லாமல் அப்படியே இருந்தன. மறுநாள் காலைவரை வேறெதற்கும் இடமில்லை.