வளைவில் நின்ற மாடு

அருள்தாஸ் அண்ணனை எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் குப்பைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரி என்ற முறையில் எனக்கு அதைவிட மோசமான வார்த்தைகளும் தெரியும்.

பகலில் எஸ்டேட் கூலி. மிச்ச நேரமெல்லாம் கொடைக்கானலில் டூரிஸ்ட்டுகள் வீசிப்போனதையும் ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்டதையும் சுமந்து வந்து உருவம் செய்வார். சைக்கிள் செயினில் பாம்பு செய்து கக்கூஸ் பக்கம் வைத்திருந்தார். அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் லைனே கூடிவிட்டது.

மகள் தேவகுமாரியைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் வாசலைப் பார்த்ததுமே காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போயின. மூன்றாவதாகப் பள்ளங்கியிலிருந்து சூசைமுத்து குடும்பம் வருகிறது என்றதும், அண்ணன் மனைவி மகாராணி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாருங்க, அந்த மாடு வாசல்ல நிக்கக்கூடாது. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா எம்புள்ள கதி என்ன?"

மாடு என்றால் காட்டுமாடு. நிஜ மாட்டின் உயரம். உடம்புக்கு லாரி டயர், கொம்புக்கு வளைந்த சைலன்சர், காலுக்கு வெள்ளை உரச்சாக்கு, கண்ணுக்கு ரிஃப்ளெக்டர். அண்ணன் மறுபேச்சில்லாமல் அதைத் தள்ளிக்கொண்டு போய், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ரோட்டு வளைவில் நிறுத்திவிட்டு வந்தார். வீட்டுக்கு வர அது ஒன்றுதான் ரோடு என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் பனி மூடிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். போனும் கிடைக்கவில்லை. பஜ்ஜி ஆறிப்போய், மகாராணி தலையில் கைவைத்து அழ ஆரம்பித்தாள். அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாம் என்னாலதான். வளைவுல மாட்டப் பாத்துட்டே திரும்பிப் போயிருப்பாங்க. அதப் பிரிச்சுப் போட்டுட்டு வாரேன்."

தேவகுமாரி பட்டுச்சேலையோடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, "வேணாம்பா, வேணாம்பா" என்று அவரை முந்தி ஓடினாள். நானும் மகாராணியும் பின்னாலேயே ஓடினோம்.

வளைவில் ஒரு வேன் நின்றது. டூரிஸ்ட்டுகள் என்றால் காட்டுமாட்டைக் கண்டதும் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள். மலைக்காரர்கள் அப்படி இல்லை. ஹாரன் அடிக்காமல், மூச்சுக்காட்டாமல், அதுவாக நகரும்வரை இருப்போம். பள்ளங்கிக்காரர்களும் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலாக மாட்டுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

தேவகுமாரி மாட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். வேனுக்குள் யாரோ "ஐயோ மாதாவே!" என்று அலறினார்கள்.

"எறங்கி வாங்க, ஒண்ணும் பண்ணாது. எங்கப்பா செஞ்சது."

மாப்பிள்ளையின் அப்பா சூசைமுத்து இறங்கி வந்து டயரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, ஸ்பேனரோடு நின்ற அண்ணனிடம் திரும்பினார்.

"ஏங்க, நெசமாவே நீங்க செஞ்சதா?"

"ஆமாங்க. மன்னிச்சிருங்க, இப்பவே வெரசா பிரிச்சிர்றேன்."

வேனின் ஜன்னல் வழியாகச் சூசைமுத்துவின் மனைவி தலையை நீட்டினார். என் காது இரண்டையும் தீட்டி வைத்துக்கொண்டேன்.

"பிரிச்சிராதீங்க அண்ணே. கல்யாணத்துக்கு வர்ற எங்க சனமும் இதுகிட்ட செத்த நேரம் நின்னுட்டு வரட்டும்."

அண்ணன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.