மூன்று நாள் வராத கட்டம்

பெயிண்ட் கடையில் பதினெட்டு வருஷமாக நிறம் கலப்பவள் அவள். எந்த வீட்டுக்கு எதைக் கலந்தாள் என்பதைக் கம்ப்யூட்டரில் விக்கிப்பீடியா போலத் தனக்கென்று ஒரு விக்கி வைத்து எழுதிவந்தாள். நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் அந்த நிறத்திலேயே ஒரு கட்டம் போட்டுக் காட்டும்படி மேக்ரோ என்னும் குட்டி நிரல் ஒன்றும் எழுதினாள். கட்டம்தான் வரவில்லை. மூன்று நாள் ஒவ்வோர் அடைப்புக்குறியாகச் சலித்துப் பார்த்தாள். அந்த மேக்ரோவை அவள் திட்டாத திட்டில்லை.

"உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றபடி பின்னால் வந்து நின்றார் கணவர். "ஆமா, எந்த நிறத்தைப் போட்டுப் பாக்குற?"

"வெள்ளைதான். எந்தக் கலவையும் வெள்ளையிலதானே ஆரம்பிக்கும்?"

சொல்லி முடித்தவளுக்குத் திறந்த வாய் மூடவில்லை. திரையில் பக்கமும் வெள்ளை. வெள்ளைமேல் வெள்ளைக் கட்டம் எப்படித் தெரியும்?

நாத்தனார் வீட்டுச் சமையலறை நீலத்தின் எண்ணை அடித்தாள். பளிச்சென்று வந்து நின்றது நீலக் கட்டம். அடுத்து மஞ்சள், செங்கல் சிவப்பு, பாசிப் பச்சை என்று வரிசை கட்டின. எல்லாவற்றுக்கும் ஒரு கறுப்பு விளிம்பு போட்டதும் வெள்ளையும் தலைகாட்டியது.

"அப்போ முதல் நாளே சரியாத்தான் எழுதியிருக்கே!" என்றார் கணவர்.

மூன்று நாளாக மேக்ரோவைத் திட்டித் தீர்த்தவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"பின்ன? எழுதினது யாருன்னு நெனச்சீங்க?"