சிவப்புக் கார்ப்பெட்டும் தெருக்குழாயும்

துபாயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஒருமுறை லீவில் வந்தபோது, தோளில் ஒரு சிவப்புக் கார்ப்பெட்டைச் சுமந்து வந்தார். தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கார்ப்பெட். வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்தி, "காலைக் கழுவிட்டு வாங்க" என்பேன். பக்கத்து வீட்டுச் சேசம்மாக்கா அதோடு வருவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் அதன்மேல் மீன்குழம்புச் சட்டியைக் கவிழ்த்தது நான்தான்.

குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் அலசினேன். கறை போய்விட்டது, ஆனால் உப்பு ஏறிவிட்டது. பகலில் மொறமொறவென்று காயும். சாயங்காலம் கடற்காற்று பட்டதும் ஈரமாகி, உட்கார்ந்தவர்களின் சேலையை நனைக்கும்.

தண்ணீர் வந்த ஒரு காலையில் அதைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். ஒரு குடம் ஊற்றினேன். அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. வரிசையில் எனக்கு அடுத்துத் தண்ணீர் பிடித்த சேசம்மாக்கா, "ஏளா, இதுக்குத் தாகம் ஒரு குடத்துல அடங்குமா?" என்று தன் குடத்தைக் கவிழ்த்தார். அதைப் பார்த்து மற்றவர்களும், வீட்டுக்கென்று பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

"கையால கசக்குனா உப்பு போவாது. எல்லாரும் ஏறி மிதிங்க" என்ற சேசம்மாக்கா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"காலைக் கழுவிட்டு ஏறணுமோ?"

குழாயடியே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறி மிதித்தேன்.

உப்பு போய்விட்டது, கார்ப்பெட்டின் சிவப்பும் கொஞ்சம் வெளுத்துவிட்டது. அதன்பிறகு யார் வந்தாலும், முகத்தைப் பார்த்துத்தான் "வாங்க" என்கிறேன்.