ஓணானுக்கு நான் கட்டிய வீடு

எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கட்டப்பட்ட அறை எது என்று யாராவது கேட்டால் குசினியைக் காட்டமாட்டேன், குளியலறையையும் காட்டமாட்டேன். வரவேற்பறை மூலையில் நாலடி நீளத்துக்கு நிற்கிற ஓர் ஓணானின் வீட்டைத்தான் காட்டுவேன். கட்டியவள் நான். கணவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அவர் பங்கு கேட்டால் கொடுக்க மாட்டேன்.

மகளுக்கு ஆசை பச்சோந்தி மேல். கிடைத்ததோ தாடி ஓணான் குட்டி. இங்கே ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் இருந்த ஒருவர் நாட்டை விட்டுப் போகிற அவசரத்தில் அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு இவளிடம் கொடுத்துவிட்டார். பயந்தாலோ கோபம் வந்தாலோ தொண்டைக்குக் கீழே புடைத்துக் கறுத்துவிடும், தாடி வைத்ததுபோல. அப்போது அது என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். கொண்டுவந்த கையோடு மகளுக்கு நகரின் வடகோடியில் இருக்கிற ஆல்பனியில் படிப்புத் தொடங்கிவிட்டது. அவள் குடிபோன ஃபிளாட்டில் பிராணிகளுக்கு இடமில்லையாம். பிறகென்ன, குட்டி என் தலையில்.

ஓணான் என்றதும் தமிழர் வாயில் வருகிற ஒரே வசனம் ஒன்று இருக்கிறதே, தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் கணவர் மதுரைக்காரர், சிறுவயதில் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடியவர். அவர் சிரிக்கவில்லை, தீர்ப்புச் சொன்னார்.

“வீட்டுக்குள்ள ஓணான் வரக்கூடாது. காரேஜ்ல வேணா வச்சுக்க.”

காரேஜ் அப்படியொன்றும் மோசமில்லை. கார் வெளியில்தான் நிற்கும். உள்ளே தரைவிரிப்பு உண்டு, சுவருக்குப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறது, வீட்டுக்குள் வர ஒரு கதவும் உண்டு. ஒரு பக்கம் என்னுடைய காஸ் அடுப்பும் பெரிய தாச்சியும். அதில்தான் நான் தூள் வறுப்பது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளைக் கடையில் வாங்குகிற ஆள் நானில்லை. மல்லி, சீரகம், மிளகு, செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைப்பேன். குசினியில் வறுத்தால் கூரையில் இருக்கிற புகை அலாரம் ஊரைக் கூட்டும். அதனால் காரேஜ். எங்கள் தேவாலயத்துத் தமிழ்க் குடும்பங்கள் பாதிக்கு மேல் என் தூளில்தான் கறி வைக்கிறார்கள். இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நியூ லினில் ஒரு திரைச்சீலைக் கடையில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பேன், வந்து தைப்பேன். அளவு கொஞ்சம் பிசகினாலும் திரை தரையில் இழுபடும், பிறகு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தக் கையால்தான் ஓணானுக்கும் அளந்தேன். பிளைவுட் பலகை, முன்பக்கம் தள்ளித் திறக்கிற கண்ணாடி, ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் வலை போட்ட காற்றுத் துவாரம். கீழால் நுழைகிற காற்று சூடாகி மேலால் போகவேண்டும். மூலைகளை அடைத்த பசையின் வாடை போகும்வரை குட்டியை உள்ளே விடவே இல்லை. அந்தச் சின்ன நெஞ்சு தாங்காது என்று வாசித்திருந்தேன்.

ஒரு முனை பாலைவனம்போலக் கொதிக்கவேண்டும், மறுமுனை நிழல்போல இருக்கவேண்டும். குட்டி தன் உடம்புச் சூட்டைத் தானே இங்கும் அங்கும் நடந்துதான் சரிசெய்துகொள்ளும். சூடான முனைக்கு ஒரு விளக்கு, அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு கருவி. காரேஜ் ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கணவர் கேட்டார். கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் வெளிச்சம் இருக்கும், எலும்புக்கு வேண்டிய கதிர் இருக்காது என்று அவருக்கு விளக்கி, அதற்கென்று தனியாக ஒரு குழல் விளக்கும் பூட்டினேன். கடைக்காரர் மணல் விற்கப் பார்த்தார். குட்டி இரையோடு சேர்த்து விழுங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் பழைய பேப்பர் விரித்தேன். ஏறிப் படுக்க எங்கள் தோட்டத்து ஃபீஜோவா பழமரத்தில் ஒரு கிளை வெட்டி, பூச்சி இருந்தால் சாகட்டும் என்று ஓவனில் வைத்துச் சுட்டேன். அன்று கோழி வேகிறது என்று நினைத்து ஓவனைத் திறந்த கணவர் கிளையைக் கண்டு மூடிவிட்டுப் பழைய சோற்றைத் தேடிப் போனார்.

குட்டியை உள்ளே விட்டதும் அது கொஞ்சம் தயங்கிப் பார்த்தது. பிறகு நேரே கிளையில் ஏறி விளக்குக்குக் கீழே தோசைமாதிரித் தட்டையாகப் படுத்துக்கொண்டது. பின்னேரம் வெட்டுக்கிளிக் குஞ்சுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் பிரட்டிப் போட்டேன், ஒன்று விடாமல் பிடித்துத் தின்றது. நான் கால் கடுக்க நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றுகூட எனக்கு நெஞ்சு இப்படி விரியவில்லை.

சில வாரம் அப்படியே போனது. பிறகொரு நாள் தின்பதை நிறுத்திவிட்டது.

முதலில் தோல் உரிக்கிறதாக்கும் என்று விட்டேன். அடுத்த நாளும் தின்னவில்லை. கிளையை விட்டிறங்கிக் குளிர்ந்த முனையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. தாடி கறுத்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வாலின் அடி மெலிய ஆரம்பித்தது. இந்த வயதுக் குட்டி அதிக நாள் தின்னாமல் இருந்தால் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். நான் சூட்டைப் பார்த்தேன், சரி. விளக்கைப் பார்த்தேன், சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நான் எடுத்துப்போன படங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாகக் கட்டிய இருப்பிடத்தைத் தான் அதிகம் கண்டதில்லை என்றார். மூச்சுக்குழாய் எரிச்சல்பட்டு இருக்கிறது, வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா, வாசனை மெழுகுதிரி, ஸ்பிரே ஏதாவது உண்டா என்று கேட்டார். கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கமும் கிடையாது, ஊதுபத்திகூடக் கொளுத்துவதில்லை என்று நிமிர்ந்து இருந்து சொன்னேன். மருந்து தந்தார். பாராட்டையும் சுகமில்லாத ஓணானையும் கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குட்டிக்குச் சுகமில்லை என்று அப்பா சொல்லக் கேட்டு அன்று மகள் தொலைபேசியில் வந்தாள். இங்கே பிறந்தவள், நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஓணான் வளர்த்துப் பழகிய ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறாளாம், சனிக்கிழமை பெட்டியோடு வந்து குட்டியை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்துவிடுவாளாம். இதில் அம்மாவின் பிழை ஒன்றும் இல்லையாம். அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறுதல் சொல்லித் தேற்றுவதற்கு நான் என்ன தோற்றுப்போனவளா? போனை வைத்துவிட்டுக் காரேஜுக்குள் போய்க் குட்டிக்கு முன்னால் இருந்து அழுதேன்.

அப்போது கணவர் துளைக்கிற மெஷின் எடுக்க உள்ளே வந்தார். வந்தவர் தும்மினார். திரும்பவும் தும்மினார்.

“இஞ்சேருங்கோ, ஏன் தும்முறீங்கள்?”

“நல்லா கேட்ட போ. ஞாயித்துக்கிழம நீ தூள் வறுத்தல்ல? ஒரு வாரமானாலும் இங்க நெடி போகாது. எனக்கே மூச்சு முட்டுது, அது பாவம் குட்டி.”

நான் நாட்களை விரலில் எண்ணிப் பார்த்தேன். ஞாயிறு வறுத்தேன், திங்கள் தின்னாமல் விட்டது. சிகரெட்டிலிருந்து வருவது புகை, மெழுகுதிரியிலிருந்து வருவது புகை. செத்தல் மிளகாய் வறுபடும்போது எழும்புகிறதைப் புகை என்று நான் என் வாழ்நாளில் நினைத்ததே இல்லை. அது சமையல். பசையின் வாடை போகக் காத்திருந்த அதே நான், நாலடி தள்ளி மிளகாய் வறுத்திருக்கிறேன். நான் அவ்வளவு கவனமாக வைத்த காற்றுத் துவாரமும் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, கீழால் அந்த நெடியை இழுத்து மேலால் விட்டிருக்கிறது.

உடனே எழும்பிக் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்தேன். எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை. அவரே வரவேற்பறைக்குப் போனார்.

“டிவிய கழட்டிர்றேன். அந்த மூலைலதான் குளிர் காத்து வராது.”

வீட்டுக்குள்ள வரக்கூடாது என்று சொன்ன அதே மனுஷன். ஆணி அடிக்காமல் திருகாணி போட்டுக் கட்டியிருந்ததால் பிரிப்பதும் பூட்டுவதும் லேசாக இருந்தது. பலகை, கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்து, பேப்பரை மாற்றி, காரேஜ் கதவின் அடிவிளிம்புக்குத் திரைத்துணியில் உருளை தைத்து அடைத்தேன். உள்ளே கசிந்த நெடி போக ஜன்னல்களைத் திறந்துவிட்டு இருவரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருந்தோம். மருந்தைத் துளித்துளியாக வாயோரத்தில் விட்டேன். வெள்ளி காலையில் தாடியின் கறுப்பு வெளுத்திருந்தது. ஆனால் ஒன்றும் தின்னவில்லை.

சனிக்கிழமை மகள் அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாள். டிவி இருந்த மூலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சூடு பார்க்கிற கருவியை எடுத்துக் கிளையை, தரையை, குளிர்ந்த முனையை எல்லாம் அளந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கட்டும், என் வேலையில் பிழை பிடிக்க முடியாது.

குட்டி கிளையில் கிடந்தது. நான் ஒரு வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்து அதன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். பார்க்கவில்லை. கொஞ்சம் ஆட்டினேன். ஒரு கண் திரும்பியது. பிறகு தலையைச் சரித்தது, நாக்கு வந்து போனது, இடுக்கியில் ஒன்றும் இல்லை. மகள் இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அதுவும் போனது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைத் தள்ளி மூடிவிட்டு, தமிழில் சொன்னாள்.

“அம்மா, இது இங்கயே இருக்கட்டும். இதைவிட நல்ல இடம் அதுக்குக் கிடைக்காது.”

கணவர் பலகையைத் தான் பிடித்த கதையைத் தொடங்கினார். அவரைத் தேநீர் போட அனுப்பினேன்.

இப்போது தூள் வறுப்பது வீட்டுக்குப் பின்னால், வெளியில். ஆக்லாந்து மழைக்கு நேரம் காலம் கிடையாது. நான் தாச்சியைக் கிண்ட அவர் குடை பிடித்துக்கொண்டு தும்முவார். குட்டி வளர்ந்து என் முழங்கை நீளம் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மகள் ஆல்பனிக்குத் திரும்பும்போது, ஓணானைக் கொண்டுபோக வந்த பெட்டியில் இரண்டு போத்தல் கறித்தூள் வைத்துக் கொடுத்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வறுத்த அதே தூள்.